ஐம்பத்தேழு கட்டளைகளை இடம் மாற்றியது

கணினியின் இயங்குதளம் தன் அன்றாடக் கட்டளைகளை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. ஒரு நாளைக்கு ஏழு மாத்திரை விழுங்குகிறவனுக்கு, இரண்டு கண்ணிலும் அறுவை முடிந்தவனுக்கு, இந்தக் கருத்து எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். கேட்பது சரிதான். இந்தக் கருத்தால் இப்போது யாருக்கும் பயன் இல்லை. பயன்பட வேண்டிய காலத்தில் அது என்னிடம் இல்லை.

போன மாதம் வீட்டுக் கணினியில் பார்த்தேன். அந்தக் காலத்தில் 'பின்' என்றொரு அடைவு இருக்கும். அடைவு என்றால் கோப்புகளைப் போட்டு வைக்கும் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்புகளைப் பட்டியலிட ('எல்எஸ்' என்று அடிக்க வேண்டும்), நகலெடுக்க, நகர்த்த என்று தினமும் தேவைப்படும் கட்டளைகள் அங்கே இருக்கும். 'யூசர்' என்ற வேறோர் அடைவுக்குள் இன்னொரு 'பின்' இருக்கும். இப்போது முதல் 'பின்' வெறும் பெயர்ப்பலகை. அதற்குள் போனால் அது நம்மை இரண்டாவதற்குள் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். எல்லாம் ஒரே வட்டில்தான் இருக்கிறது, எதற்கு இரண்டு இடம் என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் எங்கள் அலுவலகத்தில் இருந்தது ஒரு வட்டல்ல, இரண்டு. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண்ணின் வேலை போனது. போக்கியவன் நான்.

எங்கள் அலுவலகம் பழவேற்காட்டில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து இருநூற்றுப் பத்து அடியில், வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகளில் இருந்தது. ஏரியிலும் கடலிலும் எவ்வளவு மீன் பிடிபடுகிறது என்று கணக்கெடுப்பது வேலை. எழுபதுகளின் தொடக்கத்தில் சேர்ந்தேன். மீன் இறங்கும் துறைகளில் நோட்டோடு நின்று கூடைகளை எண்ணுவேன். செவ்வாய்க்கிழமை ஆரம்பாக்கம், வியாழக்கிழமை எங்கள் ஊருக்குப் பக்கத்துத் துறை, மற்ற நாட்களில் பழவேற்காடு. இறால் இத்தனை கூடை, மடவை இத்தனை கூடை, நண்டு இத்தனை. நாலு கூடைக்கு ஒரு கோடு. நடு ஏரியிலேயே வியாபாரியின் படகு வந்து வாங்கிக்கொண்டு போகும் மீனும் உண்டு. அது என் நோட்டில் வராது. கரையில் இறங்கியது மட்டும்தான் என் கணக்கு. என் கண்ணில் படாதது நடக்கவில்லை என்று எழுதியே பதினைந்து வருடம் ஓட்டிவிட்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மேலிடத்திலிருந்து இரண்டு முறை பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

எண்பதுகளின் பாதி தாண்டியபோது எங்களுக்கு ஒரு கணினி வந்தது. ஏதோ திட்டத்தின் கீழ் வந்தது என்றார்கள். வேனிலிருந்து ஆறு பேர் இறக்கினார்கள். மெட்ராஸில் எனக்கு மூன்று வாரம் பயிற்சி. யூனிக்ஸ் என்ற இயங்குதளம். வட்டுகள் இரண்டு என்று சொன்னேன் அல்லவா, முதல் வட்டு சின்னது, இரண்டாவது பெரியது. மீன் கணக்கு முழுவதும் பெரியதில். சுவிட்சைப் போட்டதும் இயந்திரத்துக்குச் சின்ன வட்டு மட்டும்தான் தெரியும். பெரிய வட்டு என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. சின்ன வட்டில் 'மவுண்ட்' என்றொரு கட்டளை இருக்கும். அதுதான் பெரிய வட்டைக் கொண்டுவந்து முதல் வட்டோடு சேர்க்கும். அதை நாம் கையால் அடிக்க வேண்டியதில்லை. இயந்திரம் எழும்போது தானே அடித்துக்கொள்ளும். சேர்த்த பிறகு எல்லாம் ஒரே வீடு மாதிரி தெரியும்.

இதைத் தெளிவாக எழுதுகிறேனே, அன்றைக்கு இது எனக்குத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். பயிற்சியின் நான்காம் நாள் சொல்லிக் கொடுத்தார்கள். நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன்.

கணக்கை உள்ளே ஏற்றுவதற்குத் தினக்கூலியில் ஒரு பெண்ணை எடுத்தோம். பழவேற்காட்டுக்காரி. அவளுடைய வாப்பா கடைத்தெருவில் கயிறும் வலை நூலும் விற்றார். பழைய வியாபாரக் குடும்பம். முன்னொரு காலத்தில் கப்பல் வைத்திருந்தார்களாம். அவள் தபாலில் பி.காம். முடித்து, தட்டச்சில் ஹையர் தேறியிருந்தாள். அந்தக் குடும்பத்தில் ஆபீசுக்கு வேலைக்கு வந்த முதல் பெண். இயந்திரத்தோடு வந்த ஆறு புத்தகங்களையும் ஐந்து மாதத்தில் படித்துவிட்டாள். நான் படித்தது ஒன்றரை.

இயந்திரத்துக்கென்று நிரந்தரமாக ஓர் இயக்குபவர் பணியிடம் வரப்போகிறது என்று கடிதம் வந்தது. மெட்ராஸிலிருந்து அதிகாரி நேரில் வந்து பார்த்துவிட்டு, இவள் பெயரையே அனுப்பலாமா, வேறு ஆளைப் போடலாமா என்று முடிவு செய்வார். பரிந்துரை எழுதியது நான்தான். பதினெட்டு வரி. எழுதிய எல்லாமே உண்மை.

அப்போது எனக்கும் ஒன்று காத்திருந்தது. மேற்பார்வையாளர் பதவி உயர்வுக்கான பட்டியலில் என் பெயர் இரண்டாவதாக இருந்தது.

அந்த ஆண்டின் தொகுப்பை எடுக்கும் நேரம். கணக்கை வரிசைப்படுத்தும் கட்டளையைக் கொடுத்தால் பாதி வழியில் நின்று 'இடமில்லை' என்றது. வரிசைப்படுத்தும்போது இயந்திரம் தற்காலிகமாக எழுதிக்கொள்வது சின்ன வட்டில். அங்கே இடம் தீர்ந்துவிட்டது.

"சார், மிஷின் குடுத்த கம்பெனி இஞ்சினியருக்கு ஒரு கார்டு போட்டுக் கேட்டுடலாமே" என்றாள் அவள்.

"எதுக்கும்மா? நமக்குத் தெரியாததா?"

"தெரியும் சார். கேட்டா இன்னும் நல்லா தெரியுமேன்னுதான்."

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. நான் அப்படி எடுத்துக்கொண்டேன். மூன்று வாரம் பயிற்சி போனவன் நான்; போகாதவள் எனக்கு யோசனை சொல்கிறாளே என்று தோன்றியது. சின்ன வட்டில் எதெல்லாம் தேவையில்லாமல் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அவற்றைப் பெரிய வட்டுக்கு மாற்றிவிட்டால் போகிறது என்று முடிவு செய்தேன். தேவையா இல்லையா என்பதை எப்படித் தீர்மானிப்பது? எனக்குத் தெரிந்தது ஒரே வழி. எண்ணுவது.

'பின்' அடைவில் தொண்ணூற்றொரு கட்டளைகள் இருந்தன. நீள நோட்டில் தொண்ணூற்றொரு வரி போட்டு, முப்பது வேலை நாட்கள், நாங்கள் இருவரும் எதை எத்தனை முறை அடிக்கிறோம் என்று கோடு போட்டேன். அவளுக்கு அது சிரிப்பாக இருந்தது.

"சார், இன்னிக்கு எல்எஸ் பதினாலு வாட்டி அடிச்சேன். எழுதிக்கோங்க."

"பதினாறும்மா. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"ஐயோ, எறால் கூடையாட்டம் நம்மளயும் எண்றாரே!"

முப்பது நாள் முடிவில் முப்பத்துநான்கு கட்டளைகளுக்குக் கோடு விழுந்திருந்தது. ஐம்பத்தேழுக்கு ஒரு கோடுகூட இல்லை. அந்த ஐம்பத்தேழையும் அகரவரிசையில் எடுத்து எழுதினேன். முப்பத்தோராவது, மவுண்ட். அந்தப் பெயரை என் கை எழுதியது. எழுதும்போது கண் நோட்டில்தான் இருந்தது. ஆனால் கோடு இருக்கிறதா இல்லையா என்பதைத் தவிர வேறொன்றையும் நான் பார்க்கவில்லை. முப்பது நாளும் நாங்கள் அதை அடிக்கவில்லை என்பது உண்மை. முப்பது நாளும் காலையில் எங்களுக்கு முன்பே இயந்திரம் அதை அடித்தது என்பதும் உண்மை. இரண்டாவது உண்மைக்கு என் நோட்டில் இடமில்லை.

ஒரு வியாழக்கிழமை மதியம், அவள் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தபோது, ஐம்பத்தேழையும் பெரிய வட்டில் 'யூசர்' அடைவுக்குள் இருந்த 'பின்'னுக்கு நகர்த்தினேன். பத்தொன்பது நிமிடம் ஆனது. பிறகு வரிசைப்படுத்திப் பார்த்தேன். தடங்கலில்லாமல் ஓடியது. நகர்த்திய கட்டளைகளில் நாலைந்தை அடித்துப் பார்த்தேன், அவையும் வேலை செய்தன. செய்யாமல் என்ன? பெரிய வட்டு அப்போது சேர்ந்தே இருந்தது. எழுந்து நிற்கும் இயந்திரத்தில் எதை எங்கே வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. படுத்து எழும்போதுதான் தெரியும்.

அவள் திரும்பி வந்ததும் சொன்னேன்: "எடம் கெடைச்சுடுச்சு."

"எப்டி சார்?"

"வேலைக்கு வராததையெல்லாம் அந்தப் பக்கம் தள்ளிட்டேன்."

"எதெதுன்னு எழுதி வச்சிருக்கீங்கல்ல?"

"எழுதாம இருப்பேனா?"

நோட்டைக் கேட்டாள். பிறகு தருகிறேன் என்றேன். அவள் பார்த்திருந்தால் முப்பத்தோராவது வரியில் நின்றிருப்பாள். இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. அவள் அப்படித்தான் படிப்பாள், ஒவ்வொரு வரியாக, விரலை வைத்து.

தொகுப்பு ஓடிக்கொண்டிருந்ததால் வியாழன், வெள்ளி இரண்டு இரவும் இயந்திரத்தை அணைக்கவில்லை. சனிக்கிழமை பிற்பகல் ஊர் முழுக்கக் கரண்ட் போனது. இயந்திரம் நின்றது. ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை காலை எனக்கு முன்பே அவள் வந்து சுவிட்சைப் போட்டிருக்கிறாள். ஒன்பது நாற்பதுக்கு நான் உள்ளே நுழைந்தபோது திரையில் மூன்று வரிகள் நின்றன. நடு வரியில் மவுண்ட் கிடைக்கவில்லை என்று இருந்தது.

"சார், கணக்கையே காணோம்" என்றாள். "டிஸ்க்க ஏத்தவே மாட்டேங்குது. மவுண்ட்டயே காணோம்ங்குது."

எனக்கு நொடியில் புரிந்துவிட்டது. ஏணியை மாடியில் வைத்துவிட்டுக் கீழே நிற்கிறோம். மாடிக்குப் போனால்தான் ஏணியை எடுக்கலாம். அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும். என்னைத் திரும்பிப் பார்த்தாள். "வியாழக்கெழம நகத்துனதுல அதுவும் இருந்துச்சா சார்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பாக்கறேன், பாக்கறேன்" என்றேன். நோட்டை எடுக்கவில்லை.

பத்தரைக்கு ஜீப் வந்து நின்றது. அதிகாரி. அந்தத் திங்கட்கிழமைதான் அவர் வருவதாக இருந்தது. ஆண்டுத் தொகுப்பைத் திரையில் காட்டுவதற்காக நாங்கள் இரண்டு வாரமாகத் தயாராகிக்கொண்டிருந்தோம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"இன்னிக்கு யார் இதை ஆன் பண்ணது?"

"நான்தான் சார்" என்றாள்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். பயந்த பார்வை இல்லை. அடுத்த வார்த்தை என்னுடையது என்று எனக்கு இடம்விட்டு நின்ற பார்வை. சுவரில் இருந்த கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு விநாடி. பன்னிரண்டாவதில் அதிகாரி பேசிவிட்டார்.

"ஆன் பண்ணத் தெரியாம ஆன் பண்ணா இப்படித்தான் ஆகும். ஒரு வருஷத்து டேட்டா, என்ன விளையாட்டா?"

"டேட்டா போயிருக்காது சார். டிஸ்க்குலதான் இருக்கும். சேக்கறதுக்குத்தான்..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"நான் உன்கிட்ட விளக்கம் கேக்கலை."

அவள் நிறுத்திக்கொண்டாள். மறுபடி என்னைப் பார்க்கவில்லை.

அன்று மாலை எங்கள் ஊருக்குப் போனேன். ஏரிக்கரையில் எண்பத்திரண்டு வீடு. அண்ணன் படகை ஒட்டி உட்கார்ந்து வலையில் சிக்கிய பாசியை எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கணினியெல்லாம் தெரியாது. என்றாலும் யாரிடமாவது சொல்லாமல் முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன், நான் செய்தது என்று மட்டும் சொல்லவில்லை. ஆபீசில் ஒருத்தர், முப்பது நாளாக யாரும் தொடாத சாமான்களை எல்லாம் எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டார், இப்போது எல்லாம் நின்றுவிட்டது என்றேன்.

"எவன்டா அவன்?" என்றார் அண்ணன். "தொடலன்னா வேணாம்னு அர்த்தமா? இங்க பாடு லிஸ்ட்டுல உன் பேரு எத்தினி வருசமா சும்மா கீது?"

எங்கள் பக்கத்து ஏரியில் நல்ல இடங்களில் வலை கட்ட முறை உண்டு. அதைப் பாடு என்பார்கள். தலைக்கட்டு ஒவ்வொன்றின் பெயரும் பட்டியலில் இருக்கும். முறை வருகிற அன்று பெயரைக் கூப்பிடுவார்கள். ஆள் வந்தால் வலை கட்டலாம். வராவிட்டால், ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரம் பொறுத்து அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள். வரவில்லை என்பதற்காகப் பெயரை அடிப்பது கிடையாது. செத்தால்தான் அடிப்பார்கள், அதுவும் மகன் பெயரை எழுதிய பிறகு.

"பதினாறு வருசம்" என்றேன்.

"பதினாறு வருசமா உன் பேர கூவறானுங்க. நீ ஆபீசுல ஃபேனுக்கு கீழ குந்திக்கினு கீற. ஒரு நாளாவது வந்தியா? வரல. வெட்டிட்டானுங்களா? இல்லியே. நாளைக்கே உன் வேல பூடுச்சுன்னு வச்சுக்க, வந்து வலையப் போட ஒரு எடம் வேணுமேடா உனக்கு. நைனா இருக்கச்சொல்லவே சொன்னதுதான். அந்த ஆளுக்கு இதுகூட தெரியல, இன்னா படிச்சான் அவன்?"

"தெரியல" என்றேன்.

"அப்பால அவனுக்கு இன்னா ஆச்சு?"

"அவருக்கு ஒண்ணும் ஆகல. கூட வேல செய்யற பொண்ணு மேல பழி வந்துடுச்சு."

அண்ணன் கையை நிறுத்தினார். "அவன் வாயத் தொறக்கலியா?"

"இன்னும் இல்ல."

"நாளைக்குத் தொறப்பானா?"

நானும் உட்கார்ந்து பாசி எடுக்கத் தொடங்கினேன். அண்ணன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதற்கு மேல் கேட்கவில்லை. பெரிய படிப்பு படிக்காதவர். ஆனால் தம்பியைத் தெரியும்.

மறுநாளும் நான் வாயைத் திறக்கவில்லை. அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுத இரண்டு தாள்களை வீணாக்கினேன். 'தங்கள் மேலான கவனத்துக்கு' என்பதற்குப் பிறகு கை ஓடவில்லை. பதவி உயர்வுப் பட்டியலில் எனக்கு மேலே ஒருவர்தான் இருந்தார். எனக்குக் கீழே நான்கு பேர்.

புதன்கிழமை மெட்ராஸிலிருந்து இஞ்சினியர் வந்தார். பொன்னேரியில் பஸ் மாறி, வெயிலில் கறுத்து, பதினொன்றே காலுக்கு வந்து சேர்ந்தார். கையில் ஒரு காந்த நாடா. அந்த நாடாவிலிருந்து இயந்திரத்தை எழுப்பி, இரண்டு வட்டையும் சேர்த்து, மவுண்டைப் பழைய இடத்தில் நகலெடுத்து வைத்தார். மற்ற ஐம்பத்தாறையும் திரும்ப வைத்தார். மொத்தம் அரை மணி நேரம். கணக்கு முழுவதும் பத்திரமாக இருந்தது. அவள் சொன்னது போலவே.

"இங்க இடமில்லேன்னா டெம்ப்ரரி ஃபைலை அந்த டிஸ்க்குல எழுதச் சொல்லியிருக்கலாமே சார்" என்று சொல்லி ஒரே ஒரு வரியை மாற்றினார். "ஒரு லெட்டர் போட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவள் அப்போது அறையில் இல்லை. திங்கட்கிழமையே அதிகாரி அவளை இயந்திரத்தைத் தொடக் கூடாது என்று சொல்லி, பக்கத்து அறையில் பழைய ரிஜிஸ்டர்களைத் தூசு தட்ட விட்டிருந்தார்.

"ஆமா, மவுண்ட்டைப் போயி அங்க வச்சது யாரு?" என்று கேட்டார் இஞ்சினியர். கோபமாகக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் என்று சொல்லியிருந்தால் அவரும் சிரித்துவிட்டு, எனக்குப் பாடம் ஒன்று சொல்லிவிட்டுப் போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

"அந்தப் பொண்ணு புஸ்தகம் பாத்து ஏதாவது செய்யும்" என்றேன்.

ஆறு சொற்கள். ஆறையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் பொய் இல்லை. புத்தகம் பார்ப்பாள். ஏதாவது செய்வாள். அவள் இதைச் செய்தாள் என்று நான் சொல்லவில்லை. இப்படி எத்தனையோ முறை எனக்கு நானே வக்கீலாக நின்றிருக்கிறேன். ஒரு முறைகூட ஜெயித்ததில்லை.

இஞ்சினியர் தன் அறிக்கையில் 'இயக்குபவரின் அனுபவமின்மை' என்று எழுதினார். அறிக்கையின் நகலைத் தட்டச்சு செய்ய ஆளில்லை. அவள்தான் செய்வாள் வழக்கமாக. அவளிடம் கொடுக்க முடியாது என்பதால் நானே செய்தேன். அந்த வரியில் இரண்டு எழுத்து பிசகின. ரப்பரால் அழித்துச் சரியாக அடித்தேன்.

பதினேழாம் நாள் உத்தரவு வந்தது. அவளுடைய சேவை இனித் தேவையில்லை. நிரந்தரப் பணியிடத்துக்கு மெட்ராஸிலிருந்து ஒருவர் வருவார். அவள் உத்தரவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பேனா, ஒரு சின்ன டிபன் டப்பா, ஆறு புத்தகங்களிலிருந்தும் அவள் குறிப்பெடுத்த நோட்டு, மூன்றையும் பையில் போட்டாள். நோட்டைத் திரும்ப எடுத்து, "இது ஆபீசுக்கு வேணுமா சார்?" என்று கேட்டாள்.

"வேணாம்மா, உன்னுது."

"வரேன் சார்."

அவ்வளவுதான் பேசினாள். அவள் திட்டியிருந்தால் இந்தக் கட்டுரை நாலு பக்கம் குறைந்திருக்கும்.

அதற்குப் பிறகு பதினொரு வாரம் நான் ஒன்றும் செய்யவில்லை. பதினொன்றாம் வாரத்தின் வெள்ளிக்கிழமை என் பதவி உயர்வு உத்தரவு வந்தது. திங்கட்கிழமை அவள் வாப்பாவின் கடைக்குப் போனேன். இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே இரண்டு நாள்தான் இடைவெளி. எதற்காகக் காத்திருந்தேன் என்பதை யாரும் எனக்கு விளக்க வேண்டாம்.

அவர் கடையில் இல்லை, சரக்கெடுக்கப் போயிருந்தார். அவள்தான் உள்ளே உட்கார்ந்து நூல் கண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஐம்பத்தேழு. முப்பத்தோராவது வரி. பதினொரு விநாடி. இஞ்சினியரிடம் சொன்ன ஆறு சொற்கள். கடைசியைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் கேட்டு முடித்தாள்.

"ஆபீசர்கிட்ட இத சொன்னீங்களா சார்?"

"இன்னும் இல்லம்மா."

"அப்ப எங்கிட்ட ஏன் சொல்றீங்க? நான் செய்யலன்னு எனக்குத்தான் தெரியுமே."

ஒரு மீனவர் வந்து இரண்டு கண்டு நூல் கேட்டார். எடுத்துக் கொடுத்தாள். அவர் போகும் வரைக்கும் நான் அங்கேயே நின்றேன்.

"அந்த ஆறு வார்த்தை எனக்குத் தெரியாது" என்றாள் பிறகு. "நீங்க சும்மா இருந்துட்டீங்கன்னுதான் நெனச்சுக்கினு இருந்தேன்."

அன்றைக்கே அதிகாரிக்கு எழுதினேன். இந்த முறை கை ஓடியது. இழப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது நன்றாகவே ஓடும். நாலு நாளில் அவர் என்னை மெட்ராஸுக்கு வரச் சொன்னார். என் கடிதம் அவர் மேசையில் இருந்தது.

"இப்ப எதுக்கு இது?" என்றார்.

"உண்மை அதுதான் சார்."

"மூணு மாசம் கழிச்சு வர்ற உண்மையை நான் எந்த ஃபைல்ல வைக்கிறது? போஸ்ட்ல ஆள் சேர்ந்தாச்சு. உங்க ப்ரமோஷன்ல கையெழுத்துப் போட்டவன் நான். இதை எடுத்தா என்னையும் கேப்பாங்க. போயி வேலையைப் பாருங்க."

கடிதத்தை மடித்து இழுப்பறையில் போட்டார். தண்டனை தாருங்கள் என்று வற்புறுத்த நான் துணியவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன். அவள் வேலை செய்ததற்கு ஓர் அனுபவச் சான்றிதழ். அதுவாவது இருந்தால் மெட்ராஸில் எங்காவது கணினி வேலைக்கு அவள் மனுப் போடலாம். அவர் கொஞ்சம் யோசித்து, எழுதிக் கொண்டுவாருங்கள் என்றார்.

வருகைப் பதிவேட்டை வைத்து எண்ணினேன். பதினான்கு மாதத்தில் முந்நூற்று முப்பத்தொரு நாள். அதில் அவள் தாமதமாக வந்தது ஒரு நாளும் இல்லை. யூனிக்ஸ் கணினியை இயக்குவதிலும், தகவல் பதிவிலும், தொகுப்பு தயாரிப்பதிலும் திறமை பெற்றவர் என்று ஒன்பது வரி எழுதித் தட்டச்சு செய்து அடுத்த வாரம் கொண்டுபோனேன். அவர் பேனாவை எடுத்துப் படித்துக்கொண்டே வந்தார். 'கணினி இயக்குபவர்' என்பதை அடித்து, 'தினக்கூலி உதவியாளர்' என்று மேலே எழுதினார். திறமை பற்றிய நாலு வரியை மொத்தமாக அடித்தார். "ஒரு பக்கம் ஃபைல்ல அனுபவமின்மைன்னு இருக்கு. இன்னொரு பக்கம் நானே திறமைன்னு கையெழுத்துப் போட முடியுமா?" என்றார். திருத்தியபடி மறுபடி அடித்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார்.

அதைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்த முறை அவளுடைய வாப்பாவும் இருந்தார். மகளுக்கு ஆபீசில் இடம் கிடைக்கவில்லை என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். மற்றதை அவள் சொல்லவில்லை போலிருக்கிறது. எழுந்து நின்று, தன் ஸ்டூலை எனக்குத் தந்தார்.

அவள் விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். ஐந்து வரிதான். சீக்கிரம் முடிந்துவிட்டது.

"கம்ப்யூட்டர்னு ஒரு எடத்துலகூட இல்லியே சார்."

"எழுதினேம்மா. அவரு அடிச்சுட்டாரு."

"இத காட்டி நான் எங்க போயி வேல கேக்கறது? தூசி தட்டற வேலயா?"



"அப்டி சொல்லாதம்மா" என்றார் வாப்பா. "சார் மெட்ராஸுக்கும் இங்கயுமா அலஞ்சு வாங்கியாந்துருக்காரு. யாரு செய்வாங்க இந்தக் காலத்துல?" பிறகு தெருவைப் பார்த்து எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்தார்: "சாருக்கு ஒரு டீ, மலாய் போட்டு."

அவள் காகிதத்தை நான்காக மடித்தாள். தன் வாப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

டீ வந்தது. அவர் எதிரிலேயே நின்று, ஆறிடப் போகுது சார், குடிங்க என்றார். குடித்தேன்.